மொழியறிவு எங்கே, துறையறிவு எங்கே: தமிழில் குரல் சேவை கட்டுவதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவு

"நாளைக்குக் காலைல ஈரோட்டுலேர்ந்து சேலத்துக்கு ஏழரைக்கு மேல பஸ் எப்ப இருக்கு?"

பேருந்து விசாரணைக்குத் தமிழில் ஒரு தொலைபேசிச் சேவை கட்டப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அழைப்பவர் பேசுவார், கணினி கேட்டுப் பதில் சொல்லும். மேலே இருப்பது அந்தச் சேவைக்கு வரக்கூடிய மிகச் சாதாரணமான கேள்வி. இதைப் புரிந்துகொள்ள இரண்டு வகை அறிவு வேண்டும்.

'ஈரோட்டுலேர்ந்து' என்றால் ஈரோடு புறப்படும் ஊர், 'சேலத்துக்கு' என்றால் சேலம் போய்ச் சேரும் ஊர், 'ஏழரைக்கு மேல' என்றால் 7:30க்குப் பிறகு. வாழ்நாளில் பேருந்தே ஏறாத தமிழருக்கும் இது தெரியும். இது மொழியறிவு. ஈரோட்டிலிருந்து சேலத்துக்கு எந்த நேரத்தில் வண்டி உண்டு, எங்கே நிற்கும், எந்த வழியாகப் போகும் என்பது தமிழே தெரியாத ஒரு டிப்போ மேலாளருக்கும் தெரியும். இது துறையறிவு.

இந்த இரண்டையும் கணினிக்குள் எங்கே, எப்படி வைப்பது என்பதுதான் நாம் எடுக்க வேண்டிய முடிவு. பெரும்பாலான திட்டங்களில் இந்த முடிவை யாரும் உட்கார்ந்து எடுப்பதில்லை. எந்த மென்பொருளை வாங்குகிறார்களோ அதுவே அவர்களுக்காக எடுத்துவிடுகிறது. இரண்டாவது சேவையைத் தொடங்கும்போதோ ஒரு பேருந்து நிலையம் இடம் மாறும்போதோதான் அதன் விலை தெரியவரும். அதனால் இருக்கும் வழிகளை முன்கூட்டியே எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே இலக்கணத்தில் எழுதுவது

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விமானப் பயண விசாரணைக்காக ஏடிஐஎஸ் என்ற பொதுக்களம் இருந்தது. பல ஆய்வுக்கூடங்கள் ஒரே வேலையை எடுத்துக்கொண்டு தங்கள் அமைப்புகளை அதில் சோதித்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஃபீனிக்ஸ் அவற்றில் ஒன்று. அதன் இலக்கணத்தில் எழுவாய், பயனிலை என்று எதுவும் இருக்காது. 'புறப்படும் ஊர்', 'சேரும் ஊர்', 'தேதி' என்று விதிகள் நேரடியாகத் துறையின் பெயரிலேயே இருக்கும். பேச்சில் தனக்குத் தெரிந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு மீதியை விட்டுவிடும். மனிதர்கள் பேசும்போது தடுமாறுவார்கள், பாதியில் நிறுத்துவார்கள், 'அதாவது வந்து' என்பார்கள். முழு வாக்கியத்தையும் இலக்கணப்படி பகுக்க முயன்ற அமைப்புகள் விழுந்த இடத்தில் இது நின்றது. 2005இல் பிட்ஸ்பர்க் நகரப் பேருந்துப் பயணிகளுக்காகப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்த 'லெட்ஸ் கோ' சேவையிலும் ஃபீனிக்ஸ்தான் வேலை செய்தது.

குரல் சேவைகளை எழுதுவதற்கென 2004இல் தரமாக அறிவிக்கப்பட்ட வாய்ஸ்எக்ஸ்எம்எல் 2.0 என்ற கணினி மொழி இதே அணுகுமுறையைத் தொழில்துறைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் வரக்கூடிய பதில்களுக்கு ஒரு குட்டி இலக்கணம். அவ்வளவுதான்.

இந்த வழியின் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வேகமாகக் கட்டலாம். எங்கே தவறு நடந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். என்னென்ன சொற்கள் வரும் என்று முன்பே தெரிவதால் பேச்சறிதலும் துல்லியமாகும். 2000களின் நடுவில் பெர்க்லி ஆய்வாளர்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டுக் கிராமங்களுக்காக 'தமிழ் மார்க்கெட்' என்ற குரல் சேவையைச் சோதித்தார்கள். வானிலை, சந்தை விலை, பயிர் பற்றிய தகவல்களைத் தருவது அதன் வேலை. மிகச் சிறிய சொற்பட்டியல், ஒற்றைச் சொல் பதில்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பயன்பட வேண்டும், உள்ளூர்ப் பேச்சுக்கு எளிதில் பழக்க வேண்டும் என்ற அந்தத் தேவைக்கு அது பொருத்தமான தேர்வு.

ஆனால் கேள்வி முழு வாக்கியமாக வரும்போது தமிழில் இந்த வழி வேகமாகக் கனத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் மாறாது. 'டு', 'ஃப்ரம்' என்ற முன்சொல்லுக்கு ஒரு விதி, ஊர்ப்பட்டியலுக்கு ஒரு விதி, வேலை முடிந்தது. தமிழில் வேற்றுமை உருபு ஒட்டும்போது பெயரே உருமாறுகிறது. சேலம் 'சேலத்துக்கு' ஆகும், ஈரோடு 'ஈரோட்டுக்கு' ஆகும், திருவையாறு 'திருவையாத்துக்கு' ஆகும், திண்டுக்கல் 'திண்டுக்கல்லுக்கு' ஆகும். கரூர் மட்டும் அடக்கமாகக் 'கரூருக்கு' என்று நிற்கும். அப்புறம் பேச்சு வடிவங்கள்: சேலத்திலிருந்து, சேலத்துல இருந்து, சேலத்துலேர்ந்து, சேலத்துலருந்து, சேலத்துலேந்து. ஐந்நூறு ஊர், ஒவ்வொன்றுக்கும் புறப்பாடு, சேருமிடம், வழி என்று மூன்று நிலை, ஒவ்வொரு நிலைக்கும் சராசரியாக நான்கு உச்சரிப்பு என்றால் 6,000 பதிவுகள். இத்தனையும் 'பேருந்து இலக்கணம்' என்ற ஒரே கோப்புக்குள் இருக்கும். அடுத்த ஆண்டு அரசு மருத்துவமனை முன்பதிவுக்கு இதே போன்ற சேவை வேண்டும் என்றால் 'ஏழரைக்கு மேல', 'நாளன்னைக்கு' எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும்.

இன்னொரு விளைவு நம் காதிலேயே விழுகிறது. பதில் சொல்லும் வார்ப்புருவில் ஊர்ப்பெயரை வைத்துவிட்டுப் பக்கத்தில் 'க்கு' என்று எழுதிவிடுகிறார்கள். "சேலம்க்கு அடுத்த பேருந்து", "ஈரோடுக்கு இரண்டு இருக்கைகள்" என்ற தமிழ் இப்படித்தான் பிறக்கிறது. தமிழ் பேசும் ஆறு வயதுக் குழந்தை செய்யாத பிழை இது. மொழியறிவுக்கென்று ஓர் இடம் ஒதுக்காத அமைப்பில் இதைத் திருத்துவதற்கும் ஓர் இடம் இருக்காது.

பிரித்து வைப்பது

இரண்டாவது வழியில் மொழிக்கு ஓர் அடுக்கு, துறைக்கு ஓர் அடுக்கு, இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆலன் குழு கட்டிய ட்ரிப்ஸ் இதற்கு நல்ல உதாரணம். பொதுவான ஆங்கில இலக்கணமும் அகராதியும் ஒரு பக்கம் இருக்கும். மக்களை வெளியேற்றும் அவசரகாலத் திட்டமோ மருந்து ஆலோசனையோ, அந்தந்தத் துறையின் கருத்துச் சட்டகம் மறுபக்கம். புதுத் துறை வந்தால் மொழி அடுக்கைத் தொட வேண்டியதில்லை. 'மொழியில் இப்படிச் சொன்னால் இந்தத் துறையில் இது' என்ற மாற்று விதிகளை மட்டும் எழுதினால் போதும். ஆர்னே ரன்டா உருவாக்கிய 'கிராமட்டிகல் ஃபிரேம்வொர்க்' இதே பிரிவை வேறு விதமாகச் செய்கிறது. பொருளுக்கு ஒரு பொது வடிவம், ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே வெளிப்பாட்டு வடிவம். ஒரே துறையறிவைப் பல மொழிகளில் பேசவைக்க அது தோதானது.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2005இல் சோதிக்கப்பட்ட கிளாரிஸ்ஸா என்ற குரல் உதவியாளர் ரெகுலஸ் என்ற கருவியில் கட்டப்பட்டது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பெரிய பொது இலக்கணம் ஒன்றை வைத்துக்கொண்டு, துறைக்குரிய மாதிரி வாக்கியங்களைக் காட்டி, அந்தத் துறைக்கு வேண்டிய சிறு இலக்கணத்தை அதிலிருந்து தானாக வெட்டி எடுப்பார்கள். பராமரிப்பது பொது இலக்கணத்தை, ஓடுவது சிறு இலக்கணம். முதல் வழியின் வேகமும் கிடைக்கும், இரண்டாம் வழியின் ஒழுங்கும் கிடைக்கும்.

தமிழுக்கு இந்தப் பிரிவு கொடுக்கும் ஆதாயம் ஆங்கிலத்தைவிட அதிகம். மகர ஈற்றுப் பெயருக்கு அத்துச் சாரியை, டு, று ஈற்றுக்கு இரட்டிப்பு, ல் ஈற்றில் குறிலை அடுத்தால் ஒற்று இரட்டும், உயிர் ஈற்றுக்கு உடம்படுமெய். பள்ளிக்கூடத்தில் படித்த புணர்ச்சியில் ஒரு கைப்பிடி விதிகள்தான். விதிவிலக்குகளை ஊர்வாரியாகக் குறித்துக்கொண்டால் போதும். புதிதாக ஓர் ஊரைத் தரவுத்தளத்தில் சேர்த்தவுடன் அதன் எல்லா வடிவங்களும் புரிந்துகொள்வதற்கும் கிடைக்கும், பதில் சொல்வதற்கும் கிடைக்கும். பேச்சறிதலுக்குக் கொடுக்க வேண்டிய சொற்பட்டியலும் அங்கிருந்தே பிறக்கும்.

நேரம் சொல்லும் முறையும் அப்படித்தான். ஆறே முக்கால், ஏழே கால், ஏழரை, 'ஒரு ஏழு ஏழரை வாக்குல', 'எட்டுக்குள்ள', 'விடியக்காலைல', 'வர்ற வெள்ளிக்கிழமை'. இவற்றை ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் பேருந்துக்கும் மருத்துவமனைக்கும் மின்சாரப் புகாருக்கும் அதுவே ஓடும். யாழ்ப்பாணத்தில் ஒருவர் "வவுனியாவுக்கு பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிடும்?" என்று கேட்பார். அங்கே இதே சேவையை நடத்த வேண்டுமென்றால் வழித்தடத் தரவு மாறும், மொழி அடுக்கில் ஈழத்துப் பேச்சு வழக்குகள் சேரும். சாரியை விதியும் நேரக் கணக்கும் அப்படியே இருக்கும்.

சரி, எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்குமா? இருக்காது. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் அழைத்து "இன்னைக்கு ராத்திரி ஒரு மணிக்குத் திருச்சிக்கு பஸ் இருக்கா?" என்று கேட்கிறார். நாட்காட்டிப்படி அந்த ஒரு மணி சனிக்கிழமை. ஆனால் தமிழில் 'இன்னைக்கு ராத்திரி' என்பது விடியும் வரை நீளும். இதுவரை மொழியறிவு, அதனால் மொழி அடுக்கு 'சனி 01:00' என்று தர வேண்டும். அடுத்து, கால அட்டவணையில் அந்த வண்டி எந்த நாளின் வண்டி? பொதுப் போக்குவரத்துத் தரவுக்கு உலகெங்கும் பயன்படும் ஜிடிஎஃப்எஸ் வடிவத்தில் 24 மணியைத் தாண்டிய நேரங்களை எழுதலாம். வெள்ளிக்கிழமை சேவையின் கடைசி வண்டி 25:00:00 என்று பதிவாகியிருக்கும். இது முழுக்க முழுக்கத் துறையறிவு. இரண்டையும் பொருத்துவது பாலத்தின் வேலை. உறுதிப்படுத்தும் பதில் மறுபடி மொழியின் பக்கம் வரும்: "வெள்ளிக்கிழமை ராத்திரி, விடிந்தால் சனிக்கிழமை, ஒரு மணி வண்டிதானே?" நள்ளிரவு வண்டிக்குத் தேதி மாற்றி டிக்கெட் எடுத்துவிட்டு நிலையத்தில் நிற்பவர்களைப் பார்த்திருப்போம். இந்த ஒரு வாக்கியம் அவர்களுக்கு எவ்வளவு உதவும்!

மொழி, துறை, பாலம் மூன்றும் தனித்தனியாக இருந்தால் இந்தச் சிக்கலை ஒருமுறை தீர்க்கலாம். கலந்திருந்தால் புதிய நள்ளிரவு வண்டி சேரும்போதெல்லாம் தீர்க்க வேண்டும்.

இந்த வழியின் குறை, தொடக்கச் செலவு. பேச்சுத் தமிழ் முழுவதற்கும் இலக்கணம் எழுத உட்கார்ந்தால் சேவை எப்போது வெளிவரும் என்று சொல்ல முடியாது. வந்தாலும் பாதி வாக்கியங்களில் தடுக்கி விழும். என் கருத்தில் முழு வாக்கிய இலக்கணம் தேவையே இல்லை. தமிழில் பெரும்பாலான இலக்கணச் செய்தி சொல்லுக்குள்ளேயே, உருபில் இருக்கிறது. "சேலத்துக்கு ஈரோட்டுலேர்ந்து" என்று வரிசையை மாற்றினாலும் பொருள் மாறுவதில்லை. எனவே சொல் அளவிலான அடுக்கும் நேரம், எண், தேதி அடுக்கும் இருந்தால் பாதிக்கு மேல் வந்தாயிற்று. ஃபீனிக்ஸ் மாதிரி துண்டுகளைப் பொறுக்கும் உத்தியை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே அறிவுச் சட்டகம்

ஜெர்மனியில் 1999 முதல் 2003 வரை நடந்த ஸ்மார்ட்கோம் திட்டத்தில் இன்னொரு பாதையை எடுத்தார்கள். திரைப்படம், தொலைக்காட்சி, நகரத் தகவல் என்று பல துறைகள். பேச்சு, கை அசைவு, முகபாவம் என்று பல உள்ளீடுகள். ஒவ்வொரு பகுதியும் தனக்கென ஓர் உலகப் படம் வைத்துக்கொண்டால் குழப்பம்தான் என்று கருதி, எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவாக ஒரே ஆன்டாலஜியை, அதாவது என்னென்ன வகைப் பொருள்கள் உண்டு, அவை எப்படித் தொடர்புடையவை என்ற வரைபடத்தை, வைத்தார்கள். பகுதிகள் ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்ளும் தரவு வடிவத்தையும் அதிலிருந்தே உருவாக்கினார்கள்.

அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு யோசனை இருக்கிறது. பேச்சறிதல் ஒரே ஒலிக்குப் பல வாசிப்புகளைத் தரும். அவற்றில் எது பொருளாகக் கூடிவருகிறது என்று ஆன்டாலஜியை வைத்து மதிப்பெண் போட்டார்கள். தமிழ்நாட்டுப் பேருந்துக்கு இது எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். கரூர், கடலூர், கூடலூர் மூன்றும் இரைச்சலான தொலைபேசியில் ஒன்றுபோலக் கேட்கும். கூடலூரே இரண்டு: நீலகிரியில் ஒன்று, தேனி மாவட்டத்தில் ஒன்று. கம்பத்திலிருந்து கேட்பவருக்கு எந்தக் கூடலூர் என்று மொழிக்குத் தெரியாது, வழித்தடத்துக்குத் தெரியும். ஆத்தூர் சேலம் பக்கம் ஒன்று, தூத்துக்குடி பக்கம் ஒன்று, திண்டுக்கல் பக்கம் ஒன்று. துறையறிவு தனியாக, கேள்வி கேட்கக்கூடிய வடிவத்தில் இருந்தால்தான் பேச்சறிதல் அதனிடம் போய் "இதில் எது நடக்கக்கூடியது?" என்று கேட்க முடியும்.

ஆனால் மொழியின் வகைகளையும் துறையின் வகைகளையும் ஒரே மரத்தில் தொங்கவிடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரு பெரிய ஆய்வுக் கூட்டமைப்பு சேர்ந்து பேணும்போது அது நிற்கும். மூன்று நான்கு பேர் கொண்ட குழுவுக்கு அந்த மரத்தைக் கத்தரிப்பதே முழுநேர வேலையாகிவிடும்.

எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கவிடுவது

கடந்த பத்தாண்டுகளில் பலரும் எடுத்த வழி இது. ராஸா, டயலாக்ஃப்ளோ போன்ற கருவிகளில் 'நேரம் கேட்பது', 'கட்டணம் கேட்பது' என்று இன்டென்ட்கள் (பேசுபவரின் நோக்கங்கள்) வைத்து, ஒவ்வொன்றுக்கும் மாதிரி வாக்கியங்களைக் கொடுத்து, ஊர், தேதி ஆகியவற்றை ஸ்லாட் (நிரப்ப வேண்டிய கட்டம்) என்று அடையாளமிட்டால் கணினியின் மாதிரி (மாடல்) கற்றுக்கொள்ளும். போகணும், போவணும், போகோணும், போணும் என்ற வட்டார வேறுபாடுகளுக்கு விதி எழுத வேண்டாம், எடுத்துக்காட்டு போதும். இது பெரிய வசதி.

இங்கே இரண்டு அறிவும் எங்கே போயின? பயிற்சி வாக்கியங்களுக்குள் கலந்து போயின. மாதிரி 'சேலத்துக்கு' என்ற சொல்லைச் சரியாகவே ஸ்லாட்டாகப் பிடிக்கும். ஆனால் தரவுத்தளத்தில் 'சேலத்துக்கு' என்று ஊர் இல்லை. அதைச் 'சேலம்' ஆக்க வேண்டும். கருவி இதற்கு 'இணைச்சொற்கள்' என்று ஒரு பட்டியலைத் திறந்து தரும். அதில் உட்கார்ந்து சேலத்துக்கு, சேலத்துலேர்ந்து, சேலம்தான் என்று நிரப்பத் தொடங்குவோம். முதல் வழியின் 6,000 பதிவுகளுக்கே திரும்பி வந்துவிட்டோம்.

துறை மாறும்போது இன்னும் கடினம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, கோயம்பேட்டிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்த தென்மாவட்ட வண்டிகள் அங்கே மாறின. மக்கள் பேச்சு அன்றைக்கே மாறிவிடுமா? "கோயம்பேட்டுலேர்ந்து மதுரைக்கு" என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். பிரித்து வைத்த அமைப்பில் மொழி அடுக்கு கோயம்பேடு என்று சரியாகப் புரிந்துகொள்ளும். துறை அடுக்கில் மதுரை வழித்தடத்தின் புறப்பாட்டு இடம் என்ற ஒரு வரி மாறியிருக்கும். "அந்த வண்டி கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகிறது" என்று அமைப்பே சொல்லும். வாக்கியங்களில் கற்ற அமைப்பிலோ, எந்தெந்தப் பயிற்சி வாக்கியத்தில், எந்தெந்தப் பதில் வார்ப்புருவில் கோயம்பேடு ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். தேடித் திருத்தி, மறுபடி பயிற்சி கொடுத்து, மறுபடி சோதிக்க வேண்டும். இடையில் கோயம்பேட்டுக்குப் போய் இறங்கும் பயணிக்கு அங்கிருந்து கிளாம்பாக்கம் போவது சென்னைப் போக்குவரத்தில் சின்ன வேலை இல்லை.

பெரிய மொழி மாதிரியிடம் ஒப்படைப்பது

இன்றைக்கு யாரிடம் கேட்டாலும் "எல்எல்எம் (சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரி) இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்பார்கள். நியாயமான கேள்வி. தமிழும் ஆங்கிலமும் கலந்து, பாதியில் திருத்தி, "சேலம்... இல்ல இல்ல, ஆத்தூர், அந்த மார்னிங் பஸ்" என்று பேசுவதைப் புரிந்துகொள்வதில் மேலே சொன்ன எந்த வழியையும்விட இது முன்னால் நிற்கிறது. வாக்கிய அளவிலான மொழியறிவைக் கையால் எழுதும் சுமை பெருமளவு இறங்கிவிட்டது. தமிழுக்கு இது உண்மையிலேயே நல்ல காலம்.

ஆபத்து, அது துறையறிவையும் சேர்த்துச் சுமக்க முன்வருவதில் இருக்கிறது. மதுரையில் கோவை வண்டி எங்கே ஏறுவது என்று கேட்டால் மாட்டுத்தாவணி என்றும் சொல்லலாம், ஆரப்பாளையம் என்றும் சொல்லலாம், இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு சொல்லும். நேரம் கேட்டால் இல்லாத வண்டிக்கும் அழகான தமிழில் நேரம் சொல்லிவிடும். கைப்பையும் குழந்தையுமாக இரவு பதினொரு மணிக்கு நிற்பவரிடம் அப்படிச் சொல்வது மன்னிக்க முடியாதது. இதைத் தடுக்க வழித்தடம், நிலையம், விடுமுறை விதி, தமிழில் எப்படிப் பேச வேண்டும் என்பதையெல்லாம் நீண்ட ப்ராம்ப்டாக (மாதிரிக்குத் தரும் அறிவுறுத்தலாக) எழுதிச் சேர்க்கிறார்கள். அந்த ப்ராம்ப்ட் என்ன? மொழியும் துறையும் கலந்த, முதல் வழியின் அதே கோப்புதான். ஒரு வித்தியாசம், இதில் எந்த வரி எந்த விளைவைத் தருகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

கூகுள் 2019இல் வெளியிட்ட ஸ்கீமா வழி உரையாடல் தரவுத்தொகுப்பில் இதற்கு ஒரு விடை இருந்தது. ஒவ்வொரு சேவையும் தனக்கு என்னென்ன தகவல் வேண்டும் என்பதை ஒரு சட்டகமாக, விளக்கத்தோடு எழுதித் தரும். மாதிரி அந்தச் சட்டகத்தைப் படித்துப் பேச்சிலிருந்து நிரப்பும். மாதிரி வெளி நிரல்களை அழைத்துத் தகவல் பெறும் இன்றைய 'டூல் காலிங்' முறையும் ஏறத்தாழ அதுதான். மாதிரியின் வேலை மொழி, சட்டகமும் தரவுத்தளமும் துறை. இந்தக் கோட்டைக் கறாராகக் காத்தால் இது இரண்டாவது வழியின் புதிய உருவம். காக்காவிட்டால் முதல் வழியின் பழைய நோய்.

தொலைபேசிக்கென்று இன்னும் இரண்டு கவலைகள். பதில் தாமதமானால் மக்கள் "ஹலோ? ஹலோ?" என்று பேசத் தொடங்குவார்கள், அதுவும் உள்ளீடாகப் போய்ச் சேரும். அழைப்புக்கு அழைப்பு ஆகும் செலவும் இலவச அரசுச் சேவை ஒன்றுக்குச் சிறிய விஷயம் இல்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஒரே சேவை, பத்துப் பதினைந்து பதில்கள், சில மாதங்களுக்கு மட்டும் தேவை, உதாரணமாகத் திருவிழாச் சிறப்புப் பேருந்துத் தகவல் என்றால் முதல் வழியே போதும். கலந்த இலக்கணத்தை எழுதி, வேலை முடிந்ததும் தூக்கிப்போடலாம். அதற்குப் போய் அடுக்குகள் கட்டுவது வீண்.

பல ஆண்டுகள் ஓட வேண்டிய சேவை, அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட துறைகள் என்றால் நான் பிரித்து வைக்கும் வழியைத்தான் எடுப்பேன், அதன் வாசலில் மட்டும் பெரிய மொழி மாதிரியை வைத்து. பேச்சைக் கேட்டுச் சட்டகத்தை நிரப்புவது மாதிரியின் வேலை. 'ஏழரைக்கு மேல', 'நாளன்னைக்கு' ஆகியவற்றை அது அப்படியே சொல்லாக எடுத்துத் தரட்டும், தேதிக் கணக்கை விதி எழுதிய நிரல் செய்யட்டும். ஊர்ப்பெயரின் உருபைப் பிரிப்பதும் ஒட்டுவதும் சாரியை விதிகளின் வேலை. எந்தக் கூடலூர் என்பதை வழித்தட அட்டவணை முடிவு செய்யும். பதிலில் வரும் நேரமும் இடமும் தரவுத்தளத்திலிருந்து மட்டுமே வர வேண்டும், மாதிரி ஒரு எண்ணைக்கூடத் தானாகச் சேர்க்கக் கூடாது. இதை ஒவ்வொரு பதிலிலும் நிரலால் சரிபார்க்கலாம்.

மூன்றாவதாக ஒரு வகை அறிவையும் மறக்கக் கூடாது: உரையாடலை நடத்தும் அறிவு. காதில் சரியாக விழாவிட்டால் திருப்பிக் கேட்பது, "இல்ல இல்ல" என்றால் பழையதை அழிப்பது, பயணி பேசாமல் இருந்தால் உதவுவது. இவை பேருந்துக்கும் மருத்துவமனைக்கும் பொது. கார்னகி மெலனின் ரேவன்க்ளா என்ற உரையாடல் மேலாண்மை அமைப்பு இவற்றைத் துறைக்குரிய வேலை மரத்திலிருந்து (என்னென்ன வேலைகளை எப்படிச் செய்வது என்ற திட்டத்திலிருந்து) பிரித்து ஒரு பொது எந்திரத்தில் வைத்தது. அந்தப் பிரிவு இன்றும் பின்பற்றத் தகுந்தது.

பிரிப்பதற்கு நான் தரும் முதல் காரணம் தொழில்நுட்பம் இல்லை, ஆட்கள். கால அட்டவணையைத் திருத்த வேண்டியவர் போக்குவரத்துக் கழக அலுவலர். அவர் தனக்குப் பழகிய அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் மாலைக்குள் சேவை சரியான பதிலைச் சொல்ல வேண்டும், நடுவில் பொறியாளர் வரக் கூடாது. 'போகோணும்' புரியவில்லை என்று கோவையிலிருந்து புகார் வந்தால் அதைத் திருத்துபவர் தமிழ் நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அவருக்கு வழித்தட எண் எதுவும் தெரிய வேண்டியதில்லை. இரண்டு பேரும் ஒரே கோப்பைத் திறந்து ஒருவர் வேலையை மற்றவர் கெடுக்கும் அமைப்பு எவ்வளவு நவீனமானதாக இருந்தாலும் நீடிக்காது.

கட்டும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஊர்ப்பெயர் உருபுகளும் நேரமும் அடங்கிய மொழி அடுக்கு. அதைப் பேருந்துத் தரவு எதுவும் இல்லாமலேயே சோதித்துவிடலாம். அடுத்து ஜிடிஎஃப்எஸ் வடிவில் வழித்தடத் தரவு, அதைத் தமிழ் வாக்கியம் ஒன்றுகூட இல்லாமல் சோதிக்கலாம். பாலத்தைக் கடைசியாகக் கட்ட வேண்டும். அது ஒருவர் ஒரே நாளில் படித்து முடிக்கக்கூடிய அளவுக்குள் இருக்க வேண்டும். பாலம் தடித்துக்கொண்டே போனால் இரண்டில் ஓர் அடுக்கு தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள், அதைத் தேடிப்போய்த் திருத்த வேண்டும். மாதிரியையும் பேச்சறிதலையும் எப்போது வேண்டுமானாலும் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். மொழி அடுக்கும் பாலமும் நம் கையிலேயே, நாம் திறந்து படிக்கக்கூடிய வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் ஒப்பந்தம் போடும்போதே விட்டுக்கொடுக்காதீர்கள்.